வெட்டிவேர்: விழலுக்கு இறைத்த நீர்

ஆற்காட்டிலிருந்து:

எங்கள் கொல்லையில் குளியலறைத் தண்ணீர் போய்த் தேங்குகிற பள்ளம் ஒன்று உண்டு. கனகாம்பரம் வைத்தேன், அழுகியது. பிறகுதான் வெட்டிவேர். தெரிந்த ஒருவர் தன் வரப்பிலிருந்து ஒரு புதரைப் பெயர்த்துக் கொடுத்தார். நாம் வளர்க்கும் ரகம் பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். இரண்டு மூன்று கிளைப்பாகப் பிரித்து, தாளை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரையும் குட்டையாக வெட்டி, அரை அடிக்கு ஒன்றாக நட்டேன். தண்ணீரை அதற்குத் திருப்பிவிட்டதைப் பார்த்த அத்தை, “விழலுக்கு இறைத்த நீர் என்று சொல்வார்கள். நீ நிஜமாகவே இறைக்கிறாயே அப்பா!” என்று சிரித்தார்.

ஆடியில் நட்டது, தையில் என் இடுப்பைத் தாண்டியது. பள்ளத்தில் நீர் நிற்பது குறைந்தது. அதோடு விட்டிருக்கலாம். வேர் ஆசை யாரை விட்டது!

மறு வருடம் மாசியில் கடப்பாரையோடு இறங்கினேன். எங்கள் மண் களிமண். நெம்ப நெம்ப வேர் பட்பட்டென்று அறுந்தது. இந்தப் புல்லின் வேர் பக்கவாட்டில் பரவாது, ஆள் உயரத்தையும் தாண்டி நேரே கீழே இறங்கும். கரையைப் பிடிக்கிற அதே குணம் தோண்டுகிறவனின் முதுகை ஒடிக்கிறது. அரை நாள் உழைப்புக்குக் கிடைத்தது ஒரு முறம் துண்டு வேர், அதில் பாதி எடை களிமண். ஆனால் வேர் அறுந்த ஒவ்வொரு முறையும் குழிக்குள்ளிருந்து முதல் மழை மணம் எழுந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாளைக் கசக்கிப் பாருங்கள், ஒன்றும் இருக்காது. மணமெல்லாம் வேரில்தான்.

கடலூர்க் கடலோரத்தில் ஏன் மணலில் பயிரிடுகிறார்கள் என்பது அன்று புரிந்தது. இப்போது உரச் சாக்கில் மணலும் ஆட்டு எருவும் கலந்து நிரப்பி, வெயிலில் வைத்திருக்கிறேன். நிழலில் இது சோம்பிவிடும். ஒரு வருடம் போனால் சாக்கைக் கிழித்து உதறினால் போதும் என்கிறார்கள், பார்ப்போம்.

தோண்டிய வேரைக் கழுவி, ஒரு பிடியை முடிந்து பானைத் தண்ணீரில் போட்டிருக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து:

நாங்கள் வேரைத் தொடுவதே இல்லை. வாய்க்கால் கரையில் ஒரே வரிசையாக, இடைவெளி தெரியாமல் நட்டிருந்தோம். 2021 நவம்பர் வெள்ளத்தில் வரிசை இல்லாத பக்கம் கரை சரிந்தது. வரிசை இருந்த பக்கம் புல் படுத்தது, மண் நின்றது. மூன்று நாள் நீருக்குள் கிடந்தும் அழுகவில்லை. முதல் மூன்று மாதம் மட்டும் ஆட்டிடமிருந்து காப்பாற்ற வேண்டும். இளந்தாள் என்றால் ஆட்டுக்கு அவ்வளவு இஷ்டம். ஜன்னலுக்கு வேர்த் தட்டியைக் கடையில் வாங்கினேன். நம் ஊர் வறண்ட வெயிலில் நனைத்துவிட்டால் நன்றாகக் குளிர்கிறது. சென்னையில் தங்கை வீட்டில் அதே தட்டி, புழுக்கத்தில் ஈரம் காயவே மாட்டேன் என்கிறது.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஆற்காட்டுக்காரரே, அந்தப் பானையைக் கொஞ்சம் யோசியுங்கள். சாக்கடை நீரில் வளர்ந்த வேர் அது. எங்கள் பக்கம் தோல் பதனிடும் கழிவால் மண்ணில் குரோமியம் ஏறிய இடங்கள் உண்டு. அதையும் தாங்கி வளர்கிற புல் இது. உறிஞ்சுவதில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும். மண்ணுக்கு நல்லது, வேரைப் போட்டுக் குடிப்பவருக்கு அல்ல. கழிவு நீரில் வளர்ப்பது வேலிக்கு, நல்ல மண்ணில் வளர்ப்பது பானைக்கு என்று நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து:

பானையைக் கவிழ்த்துவிட்டேன். நான்கு நாளாகக் குடித்த அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.