பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி: கைக்குழந்தை தூங்க வழி உண்டா?

நூல்கண்டு:

வணக்கம். பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. வரிசை வீடு, ஓட்டுக்கூரை. இடப்பக்கச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் பொது. பத்திரத்திலும் 'பொதுச்சுவர்' என்றுதான் எழுதியிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்க அறையில் முன்பு நெல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். ஆடி மாதம் அங்கே இரண்டு விசைத்தறி போட்டார்கள்.

என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரனுக்கு 48 நாள். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் தறி இரவு பதினொன்று வரை ஓடுகிறது, சில நாள் பன்னிரண்டும் ஆகிறது. சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன், நெசவு ஊரில் பிறந்தவள்தான். ஆனால் சுவரே அதிர்கிறது. அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணு என்கின்றன. விட்டத்தில் கட்டிய தூளியின் கயிற்றைப் பிடித்தால் உள்ளங்கையில் அதிர்வு தெரிகிறது. பத்து நிமிடம் கண் மூடினால் பேரன் உடல் தூக்கிப்போட்டு விழித்து அழுகிறான். மகளுக்கும் தூக்கம் இல்லை, பால் குறைந்துவிட்டதோ என்று பயப்படுகிறாள்.

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினோம். பழைய மெத்தையைச் சாய்த்து வைத்தோம். பயன் இல்லை. தம்பியிடம் ஒருமுறை சொன்னேன். "இந்தப் பாவு முடியட்டும் அக்கா" என்றார். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல். அந்தப் பாவு முடிந்து அடுத்ததும் ஏறிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. என் மாமியார் இறந்த அன்று பந்தல் கால் நட்டவர் அவர்தான். உறவு முறியாமல் இதைத் தீர்க்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லைக்கோடு:

வீட்டுக்குள் தறி ஓட்டுவதற்கு மின் இணைப்பு எப்படி வாங்கினார்கள் என்று மின்வாரியத்தில் ஒரு மனு கொடுங்கள். தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் இருக்கிறது. அது போய்விடும் என்று தெரிந்தால் மறுநாளே இறங்கி வருவார்கள். நாம் பொறுத்துப் போகப் போகத்தான் அவர்கள் ஏறி மிதிப்பார்கள்.

நூல்கண்டு:

வேண்டாம். அவருடைய சோற்றில் கை வைத்து என் பேரனைத் தூங்கவைக்க எனக்கு மனம் வராது. இணைப்பு முறைப்படி வாங்கியதுதான். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

மேற்கூரை:

அம்மா, நான் முப்பது வருடமாகக் கொத்து வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. தூளிக் கயிற்றில் அதிர்வு தெரிகிறது என்றால் அந்த விட்டத்தின் ஒரு முனை பொதுச்சுவரில் உட்கார்ந்திருக்கிறது. தறி தரையை உதைக்கிறது, தரை சுவரை அசைக்கிறது, சுவர் விட்டத்தை அசைக்கிறது, விட்டம் குழந்தையை அசைக்கிறது. குழந்தை காதால் மட்டும் விழிக்கவில்லை, உடம்பாலும் விழிக்கிறது. இன்றே தூளியை அவிழ்த்து, தரையில் நிற்கும் இரும்புத் தொட்டில் சட்டத்தில் கட்டுங்கள். சட்டத்தின் கால்களுக்கு அடியில் நான்காக மடித்த சாக்கைப் போட்டு, பொதுச்சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி எதிர்ச்சுவர் ஓரமாக வையுங்கள்.

முட்டை அட்டையைப் பிய்த்துவிடுங்கள். அறைக்குள் பேசும் குரல் எதிரொலிக்காமல் இருக்கத்தான் அது ஓரளவு உதவும். சுவரைத் தாண்டி வரும் சத்தத்தை நிறுத்த எடை வேண்டும், இடைவெளி இல்லாத அடைப்பு வேண்டும். அட்டைக்கு எடை ஏது? நெருப்புக்கும் பயம்.

இரவில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் அறை விளக்கை அணைத்துவிட்டு, பொதுச்சுவரின் உச்சியை அண்ணாந்து பாருங்கள். பழைய வரிசை வீடுகளில் நடுச்சுவரை விட்டத்தின் மட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் ஓடு வரை திறப்பாகவே இருக்கும். அந்த வீட்டு வெளிச்சம் தெரிந்தால் சத்தமும் அதே வழியில்தான் வருகிறது.

நூல்கண்டு:

பார்த்தேன். ஐயோ, என்ன சொல்ல! சுவரின் உச்சி நெடுக, ஓட்டுக்கு அடியில், ஒரு முழ உயரத்துக்கு அந்த வீட்டு டியூப் லைட் வெளிச்சம் பட்டையாகத் தெரிகிறது. இருபத்தாறு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. மூட்டை இருந்த அறையில் யாரும் விளக்குப் போட்டதில்லை.

தொட்டில் சட்டம் இரவல் வாங்கி நேற்றே மாற்றினோம். நேற்று மாலை ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் தூங்கினான்.

தறிவீடு:

அக்கா, நானும் தறிக்காரன், நான்கு தறி. அந்தத் தம்பியின் நிலையையும் சொல்கிறேன். கூலிக்கு நெய்பவனுக்குப் பாவு கொடுப்பவர் நாள் குறித்துத்தான் கொடுப்பார். பகலில் மின்சாரம் நின்றால் அந்த நேரத்தை இரவில்தான் பிடிக்க வேண்டும். ஆசைப்பட்டு யாரும் பன்னிரண்டு மணி வரை நிற்பதில்லை.

ஆனால் தறியை அடக்க முடியும், பலரும் செய்வதில்லை. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டையான நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் பாய்கிறது. ஒவ்வொரு முறையும் பெட்டியில் போய் மோதி நிற்கிறது. அங்கே இருக்கும் தோல் தேய்ந்துபோனால் மரமும் இரும்புமாக மோதும் அடி தனியாகக் கேட்கும். தோலை மாற்றினால் அந்த 'டக்' குறையும், நாடாவும் அதிக நாள் வரும். தளர்ந்த போல்ட், எண்ணெய் காணாத பல்சக்கரம், இழுத்துக் கட்டாத பெல்ட் எல்லாவற்றையும் ஒரு அரைநாளில் பார்த்துவிடலாம்.

முக்கியமானது தறியின் கால். சிமென்ட் தரையில் நேரடியாக போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். காலுக்கு அடியில் கனமான ரப்பர் கட்டை வைக்க வேண்டும். பழைய கன்வேயர் பெல்ட் துண்டை இரண்டு மூன்று அடுக்காக வைத்தாலும் போதும். ரப்பர் மட்டும் வைத்து, பழைய போல்டை அதன் வழியாகவே இரும்போடு இரும்பாக முறுக்கினால் அதிர்வு போல்ட் வழியாக இறங்கிவிடும், வைத்தது வீண். போல்டைச் சுற்றி ரப்பர் குழாயும், நட்டுக்கு அடியில் ரப்பர் வாஷரும் வேண்டும். போல்ட்டே போடாமல் விட்டால் தறி மெல்ல நகர்ந்துவிடும். தறியின் எந்தப் பாகமும் பொதுச்சுவரைத் தொடாமல் இரண்டடி தள்ளி இருக்கட்டும்.

சத்தத்தைக் குறை என்று கேட்டால் தம்பிக்குக் கோபம் வரும். தறி அதிர்ந்தால் நூல் அறும், பாகம் தேயும் என்று தொடங்குங்கள், காது கொடுப்பார். தறிக்கூடத்துக்குள் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். என் தகப்பனாருக்கு ஐம்பது வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் அந்த அறையில்தானே இருக்கிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

கருப்புக்கோட்டு:

பேச்சு முறிந்தால் மட்டும் பயன்படுத்த, சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. அதற்கு மேல் 10 டெசிபலோ கூடுதலோ போனால் புகார் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர், காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஆகியோருக்கு அந்த அதிகாரம் உண்டு. எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கைப்பேசிச் செயலி காட்டும் டெசிபல் உங்களுக்கு ஒரு மதிப்பீடுதான், அதிகாரி தன் கருவியால்தான் அளப்பார்.

பொதுத் தொல்லை என்று கோட்டாட்சியரிடம் போகச் சிலர் சொல்வார்கள். முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 152ஆம் பிரிவு. ஊராருக்கோ தெருவுக்கோ தொல்லை என்றால் அது பொருந்தும். ஒரே ஒரு வீட்டுக்கு என்றால் உரிமையியல் வழக்குதான், அது வருடக் கணக்கில் இழுக்கும். அதற்குள் பேரன் பள்ளிக்கூடம் போய்விடுவான்.

ஆகையால் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் சமரசம் கேளுங்கள். 15100 என்ற எண்ணில் பேசினால் வழி சொல்வார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. இன்னொன்று, சுவரின் உச்சியை அடைப்பதற்கு முன் தம்பியின் சம்மதத்தைக் கேளுங்கள். பொதுச்சுவரில் ஒருவர் மட்டும் கை வைக்கக் கூடாது.

நூல்கண்டு:

மூன்று வாரம் ஆயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அதிகம் பேசவில்லை. தறி ஓடும் நேரத்தில் அவர் மனைவியை வரச்சொல்லி, அவருடைய கையைப் பிடித்து எங்கள் பக்கச் சுவரில் வைத்தேன். வைத்த கையை எடுக்காமலே, "எங்கள் பக்கம் இது தெரியவே இல்லையே அக்கா" என்றார். சத்தத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அதிர்வு எங்கே தெரியும்?

ரப்பர் செலவில் பாதியை நான் கொடுத்தேன். வேண்டாம் என்றார்கள், குழந்தையின் பெயரில் கொடுக்கிறேன் என்றதும் வாங்கிக்கொண்டார்கள். நாடாப் பெட்டியின் தோலை மாற்றினார்கள். தறிகளைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டார்கள். உச்சித் திறப்பைச் செங்கல் வைத்து, ஓட்டின் வளைவு வரை சந்து விடாமல் பூசி அடைத்தோம். அந்தக் கூலி முழுக்க எங்களுடையது. இரவு ஒன்பதரைக்கு மேல் தறி இல்லை என்று தம்பியே சொன்னார். மின்சாரம் நின்ற நாளில் மட்டும் பத்து வரை, அதுவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

டம்ளர் சத்தம் நின்றுவிட்டது. தறி கேட்கிறது, அடுத்த தெருத் தறி போலக் கேட்கிறது. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி: சுவருக்கு முன்னால் பலகை அடித்தால் இன்னும் குறையுமா?

மேற்கூரை:

குறையும், ஆனால் சுவரிலேயே அடித்தால் குறையாது. சுவரைத் தொடாமல் இரண்டு விரற்கடை இடம் விட்டுத் தனிச் சட்டம் நிறுத்தி, உள்ளே கல்நார் இல்லாத கனிமப் பஞ்சை நிரப்பி, ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு, மூட்டு மேல் மூட்டு வராமல் அடிக்க வேண்டும். ஓரச் சந்துகளை மூடியாக வேண்டும். செலவு பிடிக்கும், அறையும் குறுகும். மகள் எப்போது புகுந்த வீட்டுக்குப் போகிறாள்?

நூல்கண்டு:

மூன்றாம் மாத முடிவில் கூட்டிப்போகிறார்கள். அப்படியென்றால் பலகை வேண்டாம். போகும் முன் தம்பி வீட்டில் பேரனுக்கு ஒரு துண்டு நெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.