டைனமோவைக் கழட்டுறதுக்கு முன்னாடி மீட்டரை வைங்க: ஊர் ஊரா மெக்கானிக்குங்க சொன்னது

பல்லடம், கார் ஒயரிங் வேலை

டேஷ்போர்டுல பேட்டரி லைட் எரிஞ்சாலே "டைனமோ செட்டோட மாத்திருங்க"ன்னு சொல்றது வழக்கமாப் போச்சுங்க. (எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்கிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துறது இது. காருல இருக்கிறது ஆல்டர்னேட்டர்; நம்ம வாய்க்கு டைனமோதான் பழக்கம்.) புதுசு வாங்கினா செலவு ஐந்து இலக்கத்தை எட்டிப் பார்க்கும். உள்ளே செத்துக் கிடக்கிறது பெரும்பாலும் கார்பனோ (சுத்துற பகுதிக்கு உரசிக் கரண்ட் கொடுக்குற கட்டை), வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டரோதான். சில சமயம் டைனமோவில் கோளாறே இருக்காது.

ராத்திரி நிறுத்தின வண்டியில் காலையில் ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னாடி பேட்டரியில் மீட்டர் வைங்க. 12.6 வோல்ட் இருந்தா நிறைஞ்ச பேட்டரி. 12க்குக் கீழேன்னா காலி. ஸ்டார்ட் பண்ணி ஐடிலிங்கில் 13.8லிருந்து 14.5க்குள்ள நிக்கோணும். அப்புறம் ஹெட்லைட், ஏசி புளோயர் எல்லாம் போட்டு 2000 ஆர்பிஎம்முக்கு ஏத்துங்க. 13.5க்குக் கீழே இறங்கினா எங்கேயோ கோளாறு. 15ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு, அப்படியே ஓட்டினா பேட்டரி வெந்துரும்.

வோல்ட் கம்மின்னதும் ஸ்பேனரை எடுக்காதீங்க. லோடு எல்லாம் ஓடும்போதே மீட்டரோட ஒரு முனையை டைனமோ பின்னாடி இருக்கிற பி-பிளஸ் போல்ட்டிலும் (பேட்டரிக்குப் போற ஒயர் மாட்டுற இடம்), இன்னொண்ணைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வைங்க. 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா நடுவுல ஒயரோ, ஒயர் முனையில இருக்கிற லக்கோ அரிச்சிருக்கு. டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2க்கு மேல வந்தா எர்த் கோளாறு. இந்த ரெண்டுக்கும் மருந்து எமரி பேப்பரும் புது லக்கும்தான்.

ஜம்பர் கேபிளைப் பிளஸ்-மைனஸ் மாத்திப் போட்டு ஸ்டார்ட் பண்ணின வண்டின்னா, முதல்ல பேட்டரி பக்கத்துப் பெட்டியில இருக்கிற பெரிய ஃப்யூஸைப் பாருங்க. அது போனா டைனமோ எவ்வளவு நல்லா இருந்தாலும் பேட்டரிக்குச் சார்ஜ் வராது.

திருச்செங்கோடு, போர்வெல் ரிக் வண்டி எலக்ட்ரிகல்

அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்ட்டுக்குத் திருப்பி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா, டைனமோவுக்குள்ள கரண்டை ஒரே திசையில விடுற டயோடு ஒண்ணு போயிருக்கு. இந்த மாதிரி வண்டி பகலெல்லாம் ஒழுங்கா ஓடும், ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி இறங்கிரும். டயோடு வழியா ராத்திரியெல்லாம் கசியும். பேட்டரியை மாத்தி மாத்திக் காசு கரையறது இதுலதான்.

பெல்ட்டையும் பாருங்க. உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கினா வழுக்குதுன்னு அர்த்தம். நீளமான பக்கத்துல கட்டைவிரலால அமுக்கினா 8 முதல் 10 மில்லிமீட்டர் இறங்கோணும். தானா இறுக்குற டென்ஷனர் இருக்கிற வண்டிக்கு இந்தக் கணக்கு ஆகாது.

கணபதி, கோவை. பிரிச்சு மாத்துற வேலை

கழட்டும்போது பேட்டரி மைனஸ்தான் முதல்ல. அந்த பி-பிளஸ் போல்ட்டுக்குப் பேட்டரியிலிருந்து நேரா கரண்ட் வருது. ஸ்பேனர் பாடியில தட்டினா அங்கேயே வெல்டிங். பெல்ட் போற பாதையைப் போன்ல படம் எடுத்துட்டு, கனெக்டர், பி-பிளஸ் நட்டு, டென்ஷன் போல்ட், கடைசியா கீல் போல்ட்.

மேசைக்கு வந்ததும் பின் மூடியை எடுத்தா ரெகுலேட்டரும் கார்பனும் சேர்ந்த பெட்டி. கார்பன் வெளியே நீட்டியிருக்கிறது 5 மில்லிமீட்டருக்குக் கம்மின்னா மாத்திருங்க. சில மாடல்ல கார்பன் மட்டும் ஈயத்தால பத்த வெச்சு மாத்தலாம், செலவு நூறுகள்லயே முடியும். கார்பன் உரசுற ஸ்லிப் ரிங் கறுத்திருந்தா 400 நம்பர் எமரியால லேசாத் துடைச்சாப் போதும். பள்ளம் விழுந்திருந்தா லேத்துல ஒரு கட் எடுக்கோணும், இல்லேன்னா ரிங் மாத்தோணும். பள்ளத்தோட புதுக் கார்பன் போட்டா சீக்கிரமே திரும்ப அதே கதை.

ரெண்டு ரிங்குக்கும் நடுவே ஓம்ஸ் வைங்க: பொதுவா 2லிருந்து 5க்குள்ள. ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது, காட்டினா ரோட்டர் (சுத்துற நடுப்பகுதி) கம்பி பாடியில ஒட்டி ஷார்ட் ஆயிருச்சு. டயோடு பிளேட்ல ஒவ்வொரு டயோடும் ஒரு பக்கம் 0.4 முதல் 0.7 காட்டி, திருப்பி வெச்சா ஒண்ணும் காட்டக் கூடாது. ரெண்டு பக்கமும் பீப் அடிச்சா ஷார்ட்.

டயோடு பிளேட்டை வீட்டுல மாத்துறவங்க தோத்துப் போற இடம் ஈயப் பத்தவெப்பு. ஸ்டேட்டர் (சுத்தாம நிக்கிற சுருள்) காப்பர் தடிமன், சூட்டை உறிஞ்சிரும். ரேடியோ ரிப்பேர் பண்ணுற 25 வாட் அயர்ன்ல ஈயம் மேலாப்புல ஒட்டும், உள்ளே பிடிக்காது. ஓட்டச் சூட்டுல அந்த ஜாயிண்ட் விட்டுப்போயிரும். 100 வாட் அயர்ன் வேணும்.

அடுத்தது பியரிங். நம்ம ஊர்ல பம்ப்செட் மோட்டார் பியரிங் எந்தத் தெருவிலயும் கிடைக்கும், நம்பரும் ஒண்ணா இருக்கும். அதை எடுத்து மாட்டுறது பெரிய தப்புங்க. மோட்டார் 2880 சுத்து. எஞ்சின் 5000ல இருக்கும்போது சின்னப் புல்லியால டைனமோ 12,000ஐத் தாண்டும், சூடும் அதிகம். ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கிறதா, சி3ன்னு (உள் இடைவெளி கொஞ்சம் கூடின ரகம்) அடிச்சதா, வேகத்துக்கும் சூட்டுக்கும் தாங்குறதாக் கேட்டு வாங்குங்க. ஷாஃப்ட்டுல ஏத்தும்போது உள் வளையத்துல அழுத்தோணும். அப்போ வெளி வளையத்துல தட்டினா குண்டு பதிஞ்சு, மாட்டின அன்னிக்கே ஊளையிடும். முன் பியரிங்கைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூ தலை மழுங்கிரும், சுத்தி அடிச்சுத் திருப்புற இம்பேக்ட் டிரைவரோட உட்காருங்க.

திரும்பப் பூட்டும்போது சில மாடல்ல பின்னாடி சின்னத் துளை இருக்கும். கார்பனை உள்ளே தள்ளி அந்தத் துளையில கம்பி குத்தி நிறுத்திட்டு ரோட்டரை இறக்குங்க. இல்லேன்னா கார்பன் முறிஞ்சிரும்.

ஸ்டேட்டர் கருகி வாசம் வந்தா மட்டும் விட்டுருங்க. சதுரக் கம்பியைச் செருகி வெல்டிங் பண்ணின புது வகை ஸ்டேட்டரைக் கையால திரும்பச் சுத்த முடியாது.

நாமக்கல்

இங்கே லாரிப் பட்டறை ஜாஸ்தி, சோதனை பெஞ்சும் நிறையா. ஆனா லாரி 24 வோல்ட்டுங்க. காருக்கு ரெகுலேட்டர் வாங்கும்போது 12ன்னு அழுத்திச் சொல்லுங்க. 24 ரெகுலேட்டர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காருல மாட்டினா வோல்ட்டைக் கட்டுப்படுத்தாம பல்பு, பேட்டரி, எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் வரிசையா வாங்கும்.

உக்கடம்

கணபதி அண்ணன் சொல்றது சரிதான், ஆனா டயோடு, ரெகுலேட்டர், பியரிங் மூணும் சேர்ந்து போன டைனமோவை உருப்படி பண்ணுறது லாபமில்லீங்க. இங்கே பழைய சாமான் கடையில அதே மாடல் செகண்ட்ஸ் பாருங்க. ஆம்பியர் ஒண்ணா இருக்கோணும், கூடினாலும் தப்பில்லை. புல்லி பள்ளம் நாலா, அஞ்சா, ஆறான்னு எண்ணுங்க. எஞ்சினோட பூட்டுற காது துளைகளுக்கு நடுவுல இருக்கிற தூரம், கனெக்டர் பின் எண்ணிக்கை ரெண்டும் ஒத்துப் போகோணும். கையால சுத்தினா சத்தமில்லாம ஓடி நிக்கோணும், கரகரன்னா வேண்டாம். பெஞ்சுல சுத்திக் காட்டாம பணம் எண்ணாதீங்க.

சில டீசல் வண்டியில புல்லியே ஒரு பக்கம் மட்டும் சுத்துற கிளட்ச் வகை. அது ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டாலோ, ரெண்டு பக்கமும் சும்மா சுத்தினாலோ புல்லியை மட்டும் மாத்தினாப் போதும்.

கணபதி

ஒத்துக்கறேன். ஆனா செகண்ட்ஸ் வாங்கினாலும் கார்பனைப் பார்த்துட்டு மாட்டுங்க. மூடியைத் திறக்க ரெண்டு நிமிசம்.

பொள்ளாச்சி

இந்தப் பக்கம் தேங்காய் நார் தூசி. கயிற்று ஆலை வழியா ஓடுற வண்டியில பின் மூடி ஓட்டையெல்லாம் நார் அடைச்சு, காத்துப் போகாம டயோடு வெந்துரும். ஏர் அடிச்சாப் போதும். வாட்டர் சர்வீஸ் பண்ணும்போது டைனமோ மேல பிளாஸ்டிக் பை கட்டச் சொல்லுங்க. வேகத் தண்ணி பியரிங் கிரீஸைக் கழுவிரும்.

பழைய டீசல் வண்டிகள்ல டைனமோ பின்னாடியே பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் இருக்கும். அதோட சீல் போனா ஆயில் உள்ளே வந்து கார்பனை நனைச்சிரும். கார்பனை மட்டும் மாத்திப் பிரயோஜனமில்லை, சீலும் மாத்துங்க. மாட்டினதும் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக் மிதி லேசா இருக்கான்னு பார்த்துட்டு ரோட்டுக்கு எடுங்க.

பெருந்துறை

புது வண்டிகள்ல எஞ்சின் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். ஓடும்போது 12.8 காட்டுச்சுன்னு டைனமோவைக் கழட்டிராதீங்க. ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்க, ஏறிரும். ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒண்ணா இருக்கிற மைல்டு ஹைபிரிட் வண்டியைத் தெருமுனைப் பட்டறையில பிரிக்க விடாதீங்க.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழட்டி "டைனமோ வேலை செய்யுதா"ன்னு பார்க்கிறது அம்பாசிடர் காலத்துப் பழக்கம். இப்போ அப்படிப் பண்ணினா எகிறுற வோல்ட் டயோடையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து எடுத்துரும்.

சத்தியமங்கலம்

திம்பம் மலைப்பாதை மேல இருக்கும்போது பேட்டரி லைட் எரிஞ்சா என்னங்க பண்ணுறதுன்னு கேட்பாங்க. முதல்ல டெம்பரேச்சரைப் பாருங்க. பெல்ட்டே அறுந்திருந்தா, பல வண்டியில தண்ணி பம்பும் அதோட நின்னுரும், அப்படியே ஓட்டினா எஞ்சின் போயிரும். பெல்ட் இருக்குன்னா ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாத்தையும் நிறுத்துங்க. 35 ஆம்பியர்-அவர் பேட்டரி நிறைஞ்சிருந்தா பகல்ல ஒரு மணி நேரம் கணக்கு வைங்க, அதுக்கு மேல நம்பாதீங்க. ஹெட்லைட் மட்டுமே 9 ஆம்பியர் இழுக்கும், பொழுது சாஞ்சா கணக்கு மாறும். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் வண்டின்னா 27 கொண்டை ஊசி வளைவுலயும் திருப்பத் திருப்ப கரண்டைக் குடிக்கும். வோல்ட் இறங்கினா பவர் ஸ்டீயரிங் நின்னு, கை கனக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு இறக்கத்துல எஞ்சினை நிறுத்தி உருட்டாதீங்க, பிரேக் பூஸ்டரும் போயிரும்.

பல்லடம்

விட்டுப்போனது ஒண்ணு. புது டைனமோ மாட்டின அன்னிக்குக் காலி பேட்டரியோட வண்டியை எடுக்காதீங்க. முழு லோடுல மணிக்கணக்கா ஓடி, வாங்கின அன்னிக்கே டயோடு சூடேறும். முந்தின ராத்திரி பேட்டரியை வெளிச் சார்ஜர்ல போட்டு, 12.6 பார்த்துட்டு மாட்டுங்க.