பெரியவர்கள் ஓட்டுப் போட உதவ ஆள் வேண்டும் (கலிபோர்னியா)

வணக்கம் நண்பர்களே. 2026 நவம்பர் 3 அன்று நம் மாநிலத்தின் 52 காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை) தொகுதிகளுக்கும் தேர்தல். தொகுதி வரைபடத்தை மாற்றும் 50-ஆவது முன்மொழிவு (Proposition 50) 2025-இல் மக்கள் வாக்கெடுப்பில் வென்றதால் தொகுதி எல்லைகள் மாறியிருக்கின்றன. போன முறை பார்த்த வேட்பாளர் பெயர் இந்த முறை வாக்குச்சீட்டில் இல்லாமல் போகலாம். எங்கள் குடியிருப்பில் குடியுரிமை வாங்கிய தாத்தா பாட்டிகள் பலர் இதனால் குழம்பி நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வரும் வாக்குச்சீட்டைப் பொறுமையாகத் தமிழில் படித்துச் சொல்ல நாலைந்து பேர் வேண்டும். யாருக்குப் போடுவது என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லக் கூடாது. அது அவர்கள் முடிவு.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, சீட்டைத் திருப்பி அனுப்பும் உறையின் மேல் போடும் கையெழுத்து. பதிவு செய்தபோது தமிழில் போட்டவர் இப்போது ஆங்கிலத்தில் போட்டால், பொருந்தவில்லை என்று சீட்டை நிறுத்தி வைத்துவிடக்கூடும். பிறகு கடிதம் வரும், அதற்குப் பதில் அனுப்ப வேண்டும், பெரியவர்களுக்கு அலைச்சல்தான்.

புதிதாகப் பதிய அக்டோபர் 19 கடைசி நாள். அப்புறம் நேரில் போய்த்தான் பதிய வேண்டும். அதனால் அக்டோபர் முதல் வாரத்திலேயே தொடங்கலாம் என்றிருக்கிறேன். சனி, ஞாயிறு மாலையில் வர முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். வாக்குச்சாவடிக்குக் காரில் கூட்டிப்போகவும் இரண்டு பேர் கிடைத்தால் பெரிய உதவி.