பரணில் இருப்பதை அம்மாவுக்குத் தெரியாமல் காலி செய்யலாமா?

காவிரிக்கரையான்:
கும்பகோணம் வீட்டை விற்றாயிற்று. மாசிக்குள் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் தாம்பரத்தில் எங்கள் இரண்டு படுக்கையறை பிளாட்டுக்கு வருகிறார்கள். சிக்கல் பரண்தான். ஊருக்கே சோறு வடிக்கும் பித்தளை அண்டா, தவலை, மரப்பெட்டிகள் நிறைய எவர்சில்வர், நைந்த பட்டுப்புடவைகள், அப்பாவின் ஆபீஸ் காகிதங்கள், வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள், வால்வு ரேடியோ, படம் தெரியாத டப்பா டிவி. அம்மா எல்லாம் வேண்டும் என்கிறார். மனைவி எதுவும் வேண்டாம் என்கிறாள். பெரியவர்களை முதலில் ரயிலேற்றி அனுப்பிவிட்டு, ஒரு லாரிக்காரரைக் கூப்பிட்டு மொத்தமாக ஏற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஒரு வாரம் கோபமாக இருப்பார், அப்புறம் மறந்துவிடுவார். சரியா, தப்பா?

வெறுஞ்சுவர்:
ஏற்றிவிடுங்கள். சென்னையில் சதுர அடி ஏழாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நூறு சதுர அடி அறை ஏழு லட்சம். காயலான் கடையில் சில ஆயிரம் பெறாத சாமானுக்கு ஏழு லட்ச ரூபாயில் இடம் கொடுக்கப் போகிறீர்களா? அண்டாவைக் கடைசியாக எப்போது இறக்கினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு என்பார்.

திண்ணைப்பாட்டி:
ரயிலேற்றிவிட்டு விற்பதாம். அதற்கு என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும் தம்பி. அந்தப் பாத்திரம் உங்கள் அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல், 14-ஆம் பிரிவு: பெண்ணிடம் இருக்கும் சீதனம் முழுக்க அவளுக்கே சொந்தம். புருஷனுக்கே உரிமை இல்லாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது?

வெறுஞ்சுவருக்கு ஒன்று. நாங்கள் குடித்தனம் நடத்திய காலத்தில் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் அடகுக் கடைக்குப் போனால் அண்டாவும் குடமுமாக அடுக்கியிருக்கும். நகையை வைத்தால் மாமியார் கழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். பரணில் ஒரு தவலை குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஃபீஸ் கட்டி, புத்தகம் வாங்கி, தீபாவளிக்குள் மீட்டு அதே இடத்தில் வைத்துவிடுவோம். அதைத்தான் குப்பை என்கிறீர்கள்.

வெறுஞ்சுவர்:
குப்பை என்று நான் எழுதவில்லை அம்மா. பெறுமானம் குறைவு, இடம் அதிகம் என்றேன். அன்றைக்கு அது பெண்களின் சேமிப்பு, ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு அந்தத் தவலையை எந்த அடகுக் கடையும் வாங்காது. சேமிப்பு என்றால் விற்று அந்தப் பணத்தை அம்மா பெயரிலேயே வங்கியில் போடலாமே. அதையும் வேண்டாம் என்றால் அது சேமிப்பு இல்லை, பிடிவாதம்.

மறவன்புலி:
போகி முடிந்த பிறகு வந்து கேட்கிறீர்களே சார். பத்து நாள் முன்னால் கேட்டிருந்தால் தெருவில் போட்டுக் கொளுத்தியிருக்கலாம்.

திண்ணைப்பாட்டி:
பித்தளை எரியுமா ஐயா?

நூலகப்பூச்சி:
காவிரிக்கரையான், பாத்திரத்தை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பைண்டு செய்த தொடர்கதைகளை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புத்தகமாக வந்த பல தொடர்களில் பத்திரிகையில் இருந்த ஓவியங்கள் கிடையாது. ஓவியம், பக்கத்து விளம்பரம், வாசகர் கடிதம் எல்லாம் இருப்பது இந்த வீட்டு பைண்டுகளில்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இப்படி நோட்டீஸ், நாடகப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தவர். 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. இப்போது தரமணியில் இருக்கிறது. அவர் வீட்டிலும் யாராவது “இதெல்லாம் எதற்கு?” என்று நிச்சயம் கேட்டிருப்பார்கள்.

வெறுஞ்சுவர்:
இந்த உதாரணம் வரும் என்று எதிர்பார்த்தேன். பரணில் காகிதம் வைத்திருக்கிற எல்லோரும் ரோஜா முத்தையா ஆகிவிட முடியாது. அவர் தேடித் தேடி வாங்கினார், பாதுகாத்தார். இங்கே இருப்பது எலிப்புழுக்கையும் செல்லரித்த மூலைகளும். உங்களுக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் கும்பகோணம் போய் நீங்களே எடுத்துக்கொள்ளுங்களேன்.

நூலகப்பூச்சி:
எடுத்துக்கொள்கிறேன். முதல் பக்கத்தையும் முதுகையும் படம் எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பத்திரிகை, எந்த வருஷம் என்று தெரிந்தால் நூலகத்தில் இல்லாததை மட்டும் அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். மிச்சம் என் வீட்டுக்கு. என் மனைவி இந்தத் தளத்தைப் படிப்பதில்லை.

தராசு:
நான் கடைப்பக்கத்து ஆள். அப்பா காலத்திலிருந்தே பழைய இரும்பு, பித்தளை, பேப்பர் வியாபாரம். அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விஷயம். லாரி யோசனை மட்டும் வேண்டாம். “எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு ரேட்டு” என்று ஒருவர் சொன்னால் அவர் மரப்பெட்டிக்குள் ஏற்கெனவே எட்டிப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

பித்தளை, செம்பு, எவர்சில்வர், அலுமினியம் நான்கையும் தனித்தனியாகக் குவியுங்கள். பழைய வீடுகளில் செம்புக் குடம் கறுத்துப்போய்ப் பித்தளையோடு கிடக்கும். செம்புக்கு எப்போதுமே விலை கூடுதல், கலந்து எடை போட்டால் நஷ்டம் உங்களுக்கு. ஓர் ஓரத்தில் புளி வைத்துத் தேய்த்தால் நிறம் சொல்லிவிடும். எவர்சில்வர் என்று நினைப்பதில் காந்தம் ஒட்டினால் நாங்கள் இரும்பு விலைதான் போடுவோம். பாத்திரக் கடைக்கே கொண்டுபோய்ப் புதுசு மாற்றுவதானால் பழசுக்குக் கிலோ என்ன, புதுசுக்குக் கிலோ என்ன என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கழிவு போக இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொன்னால் அதில் கணக்கு ஒளிந்திருக்கும்.

வால்வு ரேடியோவை எடைக்குப் போடவே போடாதீர்கள். ஓடாவிட்டாலும் பெட்டிக்காகவும் உள்ளே இருக்கும் வால்வுகளுக்காகவும் வாங்குகிறவர்கள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களை விற்கும் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எடைக்குப் போட்டதெல்லாம் அங்கே என்ன விலையில் நிற்கிறது என்று.

டப்பா டிவி நேர்மாறு. எங்கள் தொழிலில் அதை எடுப்பது படக்குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பிக்காக. கண்ணாடியை யாரும் வாங்குவதில்லை. அதில் காரீயம் கலந்திருக்கும். உடைத்துச் சாக்கடை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். காசு வராவிட்டாலும் பரவாயில்லை என்று பதிவு பெற்ற மின்கழிவுக்காரர்களிடம் கொடுங்கள்.

திண்ணைப்பாட்டி:
தராசு தம்பி நியாயமாகப் பேசுகிறார். பட்டுப்புடவையை விட்டுவிட்டார். வாசலில் வந்து கேட்கிறவரிடம் கொடுக்கும் முன் ஜரிகையிலிருந்து ஓர் இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல் வெள்ளி ஜரிகை. வெள்ளை நூலோ செம்புக் கம்பியோ தெரிந்தால் அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம். உருக்கி வெள்ளி எடுக்கத்தான் அவர்கள் வாங்குகிறார்கள், கட்டிக்கொள்ள அல்ல.

வெறுஞ்சுவர்:
காகிதத்தை யாரும் பேசவில்லை, அதையும் சொல்கிறேன். நான் எல்லாவற்றையும் வீசுகிறவன் இல்லை. ஆபீஸ் காகிதக் கட்டை ஒவ்வொரு தாளாகப் புரட்டாமல் எடைக்குப் போடாதீர்கள். தாய்ப்பத்திரம், பட்டா, பழைய ஷேர் சர்டிபிகேட் எல்லாம் மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில்தான் இருக்கும். காகிதப் பங்குகளை 2019 ஏப்ரலிலிருந்து அப்படியே இன்னொருவர் பெயருக்கு மாற்றி விற்க முடியாது, பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். ஏழு வருஷம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் கிடந்தால் அந்தப் பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்தும் விண்ணப்பித்து மீட்கலாம், ஆனால் சர்டிபிகேட் கையில் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

சுன்னாகத்தான்:
கனடா ஸ்கார்பரோவில் இருந்து எழுதுகிறேன். 95 ஒக்டோபரில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது அம்மா கொண்டுவந்தது காணி உறுதியும் (நிலப் பத்திரம்), எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும், கலியாணப் படம் ஒன்றும். மிச்சம் எல்லாம் அலுமாரியோடு போனது. ஒன்றுமில்லாமல் வாழப் பழகிய மனுசி என்று நினைப்பீர்கள். இப்போது எங்கள் பேஸ்மென்ட்டில் ஐஸ்கிரீம் வாளி ஒன்று விடாமல் கழுவி அடுக்கி வைத்திருக்கிறா. எறிந்தால் அடுத்த நாள் புதிதாக இரண்டு வந்து நிற்கும். வெறுஞ்சுவர் அண்ணை சொல்கிற கணக்கு பிழை இல்லை. ஆனால் அதை அம்மாவுக்கு முன்னால் நான் சொல்லமாட்டேன்.

வெறுஞ்சுவர்:
உங்கள் அம்மாவிடம் நானும் சொல்லமாட்டேன். காவிரிக்கரையானுக்கு ஒரு நடுவழி: அனாதை இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுத்துவிடலாம் என்றால் அம்மா சம்மதிக்கக்கூடும்.

திண்ணைப்பாட்டி:
நைந்ததையும் நெளிந்ததையும் இல்லத்துக்குத் தள்ளுவதற்குப் பேர் தானமா? 2004 சுனாமி சமயத்தில் நாகப்பட்டினம் பக்கம் போனவர்களைக் கேளுங்கள். ஊர் ஊராக வந்து கொட்டிய பழைய துணி சாலையோரம் மலையாகக் கிடந்தது. மீனவப் பெண்கள் தொடக்கூட இல்லை. என்ன வேண்டும் என்று முதலில் போன் செய்து கேட்டுவிட்டுக் கொடுப்பதுதான் மரியாதை.

காவிரிக்கரையான்:
ரயில் யோசனையைக் கைவிட்டேன். நேற்று ஒரு மரப்பெட்டியை இறக்கி அம்மா முன்னால் திறந்தேன். எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கிறது. ஒரு தூக்குச்சட்டியைத் திருப்பிப் பார்த்து, “இது மன்னார்குடி அத்தை என் கல்யாணத்துக்கு வைத்தது. அவள் பெண் கல்யாணத்துக்கு நாம் இன்னும் பெரிதாகச் செய்திருக்கணும்” என்றார். அடுத்த டபரா யாரோ பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது. பேரைப் பார்த்து முகத்தைச் சுளித்து “இது போகட்டும்” என்றார். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசிப் பெட்டி அவர் வாயாலேயே போகட்டும் ஆகிவிட்டது. தூக்குச்சட்டி தாம்பரம் வருகிறது.

வெறுஞ்சுவர்:
ஒரு பெட்டிக்கு ஒரு நாள். மாசிக்குள் முடியுமா?

திண்ணைப்பாட்டி:
முடியாவிட்டால் வாங்கினவரிடம் பத்து நாள் அவகாசம் கேட்கட்டும். வீட்டையே கொடுத்தாயிற்று, இதைக் கேட்கக் கூடாதா?

காவிரிக்கரையான்:
அண்டா மட்டும் தீரவில்லை. உருக்கப் போகிறவருக்குக் கொடுக்கவே மாட்டேன் என்கிறார். கோவில் மடப்பள்ளியில் கேட்டேன், ஏற்கெனவே நிறைய வந்து கிடக்கிறது என்றார்கள்.

தராசு:
வாடகைப் பாத்திரக் கடைகளிலும் சமையல் கான்ட்ராக்டர்களிடமும் கேளுங்கள். அந்த அளவில் கனமான பித்தளை இப்போது புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்பதால் பழசை எடை விலைக்குக் கொஞ்சம் மேலேயே எடுப்பார்கள். உருக்கமாட்டார்கள், அடுத்த முகூர்த்தத்துக்கே அடுப்பில் ஏறிவிடும். உள்ளே வெள்ளீயம் பூசிக் கொடுக்க வேண்டாம், அவர்களே பூசிக்கொள்வார்கள். வளையம் இரண்டும் ஆடாமல் இருக்கிறதா, அடியில் ஒட்டுப் போட்ட இடம் உண்டா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.