பழைய லாரி ஸ்டியரிங்: டிராப் ஆர்ம், டை ராட் கழற்றிய அனுபவங்கள்

குன்னூர் மெக்கானிக்:

பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய டாடா 1210, லேலண்டு காமெட் வண்டிகளை மலையில் ஓட்டினால் என்ன ஆகும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். கல்லாறு தாண்டியதும் வளைவுக்கு வளைவு ஒடித்துத் திருப்ப வேண்டும். முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடின் எண்டும், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு இழுப்பைக் கொண்டுபோகும் டிராக் லிங்கும் சமவெளி வண்டியைவிடச் சீக்கிரம் ஆட்டம் காணும். கழற்றப் போனால்தான் கூத்து.

இவற்றின் முனையில் உள்ள பால் ஜாயின்ட்டின் (உருண்டை மூட்டு) பின் டேப்பராக, அதாவது நுனியை நோக்கிச் சிறுத்து இருக்கும். ஸ்பிளிட் பின்னை உருவி நட்டைக் கழற்றினாலும் விடாது. மழை மாதத் துருவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் பின்னின் நுனியிலேயே சம்மட்டியைப் போடுவார்கள். மரை நசுங்கும், அவ்வளவுதான் பலன். பின்னைப் பிடித்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கம் இன்னொன்றால் ஓங்கி இரண்டு போடு போட்டால் கண் ஒரு நொடி நெளியும், பின் தானாக இறங்கும். ஆப்பு மாதிரி இரண்டு பல் உள்ள ஃபோர்க்கை இடுக்கில் வைத்து அடிப்பது இன்னும் வேகம். ஆனால் ரப்பர் பூட் கிழிந்துவிடும். தூக்கிப் போடப் போகிற ஜாயின்ட் என்றால் சரி, திரும்ப மாட்டப் போகிறோம் என்றால் ஃபோர்க்கை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஸ்டியரிங் பாக்ஸ் ஷாஃப்டில் மாட்டி டிராக் லிங்கை அசைக்கும் டிராப் ஆர்ம்தான் பெரிய வேலை. டேப்பரும் உண்டு, பல்லும் உண்டு. சாதாரண இரண்டு கால் புல்லர் (போல்ட்டை முறுக்கி இழுத்துக் கழற்றும் கருவி) போட்டால் பாரம் ஏறியதும் கால் விரிந்து நழுவும். ஒரே துண்டாக அடித்த, கால் விரியாத புல்லர் வேண்டும். கழற்றும் முன் சக்கரத்தை நேராக வைத்து, ஷாஃப்டிலும் ஆர்மிலும் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால்கூட ஒரு பக்கம் லாக், அதாவது சக்கரம் முழுதாகத் திரும்பும் அளவு, குறைந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் அதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மூன்று மரையில் விட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்மும் புல்லரும் சேர்ந்து பறக்கும். புல்லர் போல்ட்டுக்கு கிரீஸ் வைத்து முறுக்குங்கள். இறுகி நின்றதும் மேலே மேலே முறுக்காமல் ஆர்மின் கண்ணில் பக்கவாட்டில் ஒரு அடி. ‘டக்’கென்று சத்தம் வரும்.

கேஸ் வைத்துச் சுட்டுக் கழற்றுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்திலேயே ஆயில் சீல் இருக்கிறது, ஆர்மின் பதமும் கெடும். சுட்டுத்தான் வந்தது என்றால் அந்த ஆர்மை மாற்றிவிடுவேன்.

பண்ணைக்காடு:

அண்ணே, எங்கள் பக்கம் முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாக ஆக்சிலில் நிற்கும் கிங் பின்தான் தொல்லை. வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கி ஏறும் வண்டிகளில் கிரீஸ் அடிக்காமல் விட்டால் ஆக்சிலோடு பற்றிக்கொள்ளும். அதைப் பூட்டியிருக்கும் லாக் பின்னை முதலில் எடுக்காமல் சம்மட்டியைத் தூக்கினால் கிங் பின் முனை நசுங்கிப் பூத்துவிடும், அப்புறம் அது புஷ் வழியே வரவே வராது. நாங்கள் முந்தின நாள் ராத்திரியே டீசல் ஊற்றி ஊற விடுவோம். பிறகு சேனலில் வெல்டிங் வைத்துச் செய்த சட்டத்துக்குள் ஹைட்ராலிக் ஜாக்கியை வைத்துத் தள்ளுவோம். பாரம் ஏறியதும் ஆக்சிலைத் தட்டினால் நகரும். கீழே உள்ள பேரிங்கும் ஷிம்மும் (மெல்லிய தகடு) விழும், எந்தப் பக்கத்தது எது என்று குறித்து வையுங்கள்.

சமதளமே கிடைக்காத ஊர் என்பதால் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் ஜாக்கி ஏற்றக் கூடாது. வேலை முடிந்ததும் அந்தக் கல்லை ஓரமாகப் போடுங்கள் சாமிகளே. ராத்திரி பைக்கில் வருகிறவனும் மனிதன்தான்.

கோத்தகிரி டிரைவர்:

ஸ்டியரிங் வீலுக்கும் இதே கதைதான். நட்டைக் கழற்றிவிட்டு முழங்காலை முட்டுக் கொடுத்து இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விட்டதும் வீல் நேரே மூக்கில் வந்து இறங்கும். ஷாஃப்ட் நுனியில் சுத்தியலால் தட்டுவது அதைவிட மோசம், அடி கீழே ஸ்டியரிங் பாக்ஸ் பேரிங்குக்குத்தான் போகும். வீலுக்கென்று புல்லர் இருக்கிறது. வாங்க முடியாவிட்டால் தடிமனான பிளேட்டில் துளை போட்டு லேத்தில் செய்து தருவார்கள். குன்னூர் அண்ணா, கால் விரியாத அந்த டிராப் ஆர்ம் புல்லரையும் லேத்தில் செய்ய முடியுமா, வாங்கத்தான் வேண்டுமா?

குன்னூர் மெக்கானிக்:

வாங்கிவிடுங்கள் தம்பி. வெல்டிங் வைத்தது பாரம் தாங்காமல் விட்டால் முகத்துக்கு நேரேதான் வரும்.