புதுப்பிப்பு: எழுபது 'சர்வீஸ் ஹோஸ்ட்' ஏன் ஓடுகிறது என்று புரிந்துவிட்டது

கணினியில் என்னென்ன ஓடுகின்றன என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்ற பெயரில் எழுபதுக்கும் மேல் ஓடுகின்றனவே, வைரஸா என்று போன வாரம் கேட்டிருந்தேன். இல்லை, வைரஸ் இல்லை.

விண்டோஸின் சேவைகள், அதாவது பின்னணியில் ஓடும் வேலைகள், பலவும் டிஎல்எல் கோப்புகள் (மற்ற நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் கோப்புகள்). டிஎல்எல் தானாக ஓடாது, அதை ஏற்றி ஓட்ட ஒரு நிரல் வேண்டும். அதுதான் சர்வீஸ் ஹோஸ்ட். முன்பெல்லாம் பல சேவைகளை ஒரே ஹோஸ்டுக்குள் அடைத்து வைத்தார்கள். நினைவகம் மிச்சம்தான், ஆனால் ஒன்று செயலிழந்து விழுந்தால், அதோடு இருப்பவையும் சேர்ந்து விழும். விண்டோஸ் 10இன் 2017இல் வந்த 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி ஹோஸ்ட். என் கணினியில் 8 ஜிபி. வீட்டிலுள்ள பழைய 2 ஜிபி லேப்டாப்பில், அதுவும் விண்டோஸ் 10தான், மிகக் குறைவாகவே ஓடுகின்றன. அதைப் பார்த்ததும்தான் எனக்கு முழுதாகத் தெளிந்தது.

இன்னும் சந்தேகம் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டுங்கள், உள்ளே எந்தச் சேவை என்று தெரியும். அப்புறம் வலது கிளிக் செய்து கோப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். என்னுடையவை எல்லாம், அசல் சர்வீஸ் ஹோஸ்ட் இருக்கும் இடமான விண்டோஸ் ஃபோல்டரின் சிஸ்டம்32க்குள்தான் இருந்தன.

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.