சாயப்பட்டறை ஏபிஐ: எடை 312-ஆ, 290-ஆ? ஆவணம் எப்படி எழுதுவது?

நொய்யல்கரை (திருப்பூர்):

வணக்கங்க. திருப்பூரில் மூன்று பேர் மட்டும் இருக்கும் சின்ன ஆபீஸில் புரோகிராமராக இருக்கிறேன். சாயப்பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க் கணக்கு சாப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். போன வருடம் வரை எல்லாம் எங்கள் திரைக்குள்ளேயே முடிந்துவிடும். அப்புறம் பனியன் கம்பெனிகள், "எங்க லாட் எங்க நிக்குதுனு எங்க சிஸ்டத்துலயே தெரியணும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்காக ஆறு எண்ட்பாயிண்ட் (கோரிக்கை அனுப்பும் முகவரி) வைத்து ஒரு ஏபிஐ திறந்தோம், அதாவது அவர்கள் புரோகிராம் எங்கள் புரோகிராமிடம் நேராகக் கேட்கும் வழி. லாட் (ஒன்றாகச் சாயத்துக்கு வரும் துணித் தொகுதி) எண் கொடுத்தால் நிலை, ரோல் எண்ணிக்கை, எடை, டெலிவரி தேதி வரும்.

அதற்கு ஒன்பது பக்கத்தில் வேர்டு ஃபைல் ஒன்று எழுதி, கேட்ட கம்பெனிக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நான்கு முறை திருத்தியாயிற்று. யாரிடம் எந்தத் திருத்தம் இருக்கிறது என்று எனக்கே இப்போது தெரியாது.

போன மாதம் நடந்தது இது. ஒரு லாட், 14 ரோல். எங்கள் ஏபிஐ எடை 312.400 என்று சொன்னது. கம்பெனியில் அதை வைத்துக் கட்டிங்குக்குத் திட்டம் போட்டுவிட்டார்கள். துணி போய் இறங்கியபோது தராசில் 290.650 கிலோ. 21.750 கிலோ குறைவு. 312.400 என்பது சாயத்துக்கு வந்த கிரே துணியின், அதாவது இன்னும் சாயம் ஏறாத துணியின் எடை. துவைத்து, சாயமேற்றி, காயவைத்து, காம்பாக்டிங் (பிறகு சுருங்காதபடி துணியை அழுத்துவது) முடிந்தால் எடை குறையத்தான் செய்யும், அது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் புரோகிராமருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் ஆவணத்தில் அந்த இடத்தில் இருந்தது மூன்றே வார்த்தை: "வெயிட், நம்பர், லாட்எடை".

கம்பெனிக்காரர்கள் பட்டறை மேல் சந்தேகப்பட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பட்டறை முதலாளி கூப்பிட்டார். "ஏனம்மணி, முப்பது வருசமா இந்தத் தொழில் பண்றேன். துணி குறையுதுனு ஒருத்தர் சொன்னதில்ல" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

அதே வாரத்தில் இன்னும் இரண்டு. 04/05 என்று அனுப்பிய தேதியை மே 4 என்று நாங்கள் நினைக்க, அந்தப் பக்கம் ஏப்ரல் 5 என்று எடுத்துக்கொண்டார்கள். எடை போடாத லாட்டுக்கு முன்பு 0 அனுப்பினோம். அதை 'நல்' என்று வெறுமையாக மாற்றியதும் ஒருவருடைய புரோகிராம் நின்றே போனது.

ஆவணத்தை எந்த வடிவத்தில் எழுதினால் இப்படி நடக்காது? எழுதியதும் கோடும் ஒன்றாகவே இருக்கிறது என்பதை எப்படிச் சோதிப்பது? போஸ்ட்மேன் (ஏபிஐக்குக் கோரிக்கை அனுப்பிப் பார்க்கும் கருவி) கலெக்ஷனை மட்டும் பகிர்ந்தால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பீளமேடு (கோவை):

முதலில் அந்த வேர்டு ஃபைலை மூடிவிடுங்க. ஏபிஐயை விவரிப்பதற்கென்றே இருக்கும் ஓபன்ஏபிஐ என்ற பொது முறையில் எழுதுங்கள். முன்பு ஸ்வாகர் என்று இருந்ததுதான் இது. 2015-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ் போய், 2016-இல் இந்தப் பெயர் வந்தது. யாம்ல் (சாதாரண எழுத்து வடிவம்) ஃபைல் ஒன்றுதான், அதை உங்கள் கோடு இருக்கும் கிட்டிலேயே (திருத்தங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வையுங்கள். கோடு மாறினால் அந்த ஃபைலும் அதே கமிட்டில் (ஒருமுறை பதியும் திருத்தம்) மாற வேண்டும். கம்பெனிகளுக்கு ஃபைல் அனுப்பாதீர்கள், லிங்க் அனுப்புங்கள். அப்போது எல்லோரும் பார்ப்பது ஒரே திருத்தமாக இருக்கும்.

நல் விஷயத்தில் கவனம். 2017-இல் வந்த ஓபன்ஏபிஐ 3.0 பதிப்பில் அதற்குத் தனியாக 'நல்லபிள்' என்று ஒரு வரி போட வேண்டும். 2021-இல் வந்த 3.1-இல் அந்த வரி கிடையாது, வகையிலேயே நம்பர், நல் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். எந்தப் பதிப்பு என்று தலையில் போட்டுவிட்டு இன்னொன்றின் பாணியில் எழுதினால் சில கருவிகள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விட்டுவிடும். தேதிக்கு வகை ஸ்ட்ரிங், ஃபார்மட் 'டேட்' என்று போடுங்கள். வருடம் முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். நான்கா ஐந்தா என்ற பேச்சே வராது.

போஸ்ட்மேன் கலெக்ஷன் கை வைத்துப் பார்க்க நல்லது. அதில் டெஸ்ட் எழுதி நியூமேன் கொண்டு தானாகவும் ஓட்டலாம். ஆனால் அது நீங்கள் அனுப்பிப் பார்த்த கோரிக்கைகளின் தொகுப்புதான். வாக்குறுதி என்பது ஸ்கீமாவில், அதாவது எந்த ஃபீல்டு என்ன வகை என்று அந்த யாம்லில் எழுதும் பகுதியில் இருக்க வேண்டும். ஸ்கீமாதிசிஸ் என்ற கருவியிடம் அந்த யாம்ல் ஃபைலைக் கொடுத்தால், அதுவே விதவிதமான உள்ளீடு செய்து அனுப்பி, வரும் பதில் ஆவணத்தில் சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்கும். ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓடட்டும். சோதனை சர்வரில் மட்டும் ஓட்டுங்கள், நிஜ டேட்டாபேஸ் பக்கம் விடவே கூடாது.

மஞ்சள் மண்டி (ஈரோடு):

பீளமேடு தம்பி சொன்னது எல்லாம் சரி. தேதியும் நல்லும் அதோடு தீர்ந்துவிடும். ஆனால் அம்மணி, உங்களைத் தூங்கவிடாமல் செய்த தப்பை அது பிடிக்காது. 312.400 ஒரு நம்பர், 290.650-ம் ஒரு நம்பர். ஸ்கீமா இரண்டையும் சரி என்று விட்டுவிடும். எந்த எடை என்பது ஃபார்மட்டில் இல்லை, விளக்கத்தில்தான் இருக்கிறது. ஆவணத்திலேயே கஷ்டமான பகுதி அதுதான், நாம் கடைசியில் அவசரமாக நிரப்புவதும் அதைத்தான்.

நான் பதினோரு வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன். முன்பு மஞ்சள் குடோன் சாப்ட்வேர் ஒன்றைச் சோதித்தோம். அதில் 'குவாண்டிட்டி' என்று ஒரு ஃபீல்டு. ஒரு எண்ட்பாயிண்டில் அது மூட்டை எண்ணிக்கை, இன்னொன்றில் குவிண்டால். இரண்டையும் எழுதியது ஒரே ஆள். டெஸ்ட் எல்லாம் பச்சை. நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய், விரலி ஒரு பக்கமும் கிழங்கு ஒரு பக்கமும் அடுக்கியிருந்த இடத்தில், எடை போட்டு எழுதுகிறவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்தேன். அவர் சாக்கு எடையைக் கழித்து எழுதுகிறார் என்பதே அங்கேதான் தெரிந்தது. ஸ்பெக்கில் அது ஒரு வரிகூட இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஃபீல்டுக்கும் விளக்கம் எழுதும்போது நான்கு விஷயம் கேட்பேன். இதை யார் எழுதுகிறார், எந்த நேரத்தில் எழுதுகிறார், எதைக் கொண்டு அளக்கிறார், எப்போது வெறுமையாக இருக்கும். "லாட்டின் எடை" என்பதற்குப் பதிலாக, "கிரே துணி பட்டறைக்குள் வரும்போது வாசல் தராசில் போடும் எடை, கிலோவில், சாயத்துக்கு முன்" என்று எழுதியிருந்தால் அந்தக் கம்பெனிப் புரோகிராமர் போன் எடுத்துக் கேட்டிருப்பார்.

ஃபீல்டுக்குப் பெயரும் அப்படியே வையுங்கள். கிரே வெயிட் கேஜி, பினிஷ்டு வெயிட் கேஜி என்று இரண்டு. ஆனால் பழைய 'வெயிட்'டை எடுக்கவும் வேண்டாம், அதன் அர்த்தத்தைச் சத்தமில்லாமல் மாற்றவும் வேண்டாம். எடுத்தால் அந்தப் பக்கம் புரோகிராம் நின்றுவிடும், அதாவது தெரிந்துவிடும். அர்த்தத்தை மாற்றினால் நிற்காமல் தப்பாக ஓடும், அது இன்னும் மோசம். அதில் 'டெப்ரிகேட்டட்' (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறித்து, எந்தத் தேதி வரை இருக்கும் என்று எழுதி, கம்பெனி ஒவ்வொன்றுக்கும் போன் பண்ணிச் சொல்லுங்கள். இங்கே போன்தான் வேலை செய்யும்.

அர்த்தத்தையும் கொஞ்சம் சோதிக்க முடியும். முதலாளியிடமே கேளுங்கள்: காட்டன் துணியில் எத்தனை சதவீதம் வரை எடை இறங்கும்? உங்கள் லாட்டில் கிட்டத்தட்ட ஏழு சதவீதம். அவர் சொல்லும் எல்லையை டெஸ்டாக எழுதுங்கள். பினிஷ்டு எடை கிரே எடையைத் தாண்டினாலோ, எல்லைக்குக் கீழே போனாலோ, டெஸ்ட் சிவப்பாக வேண்டும். ரோல் எண்ணிக்கை 14 என்றால் ரோல் பட்டியலில் 14 வரி இருக்க வேண்டும், அவற்றின் எடையைக் கூட்டினால் லாட் எடை வர வேண்டும். எந்தக் கருவியும் இதைத் தானாக எழுதித் தராது.

இன்னொன்று. ஆவணத்தில் உதாரணத்துக்கு 123, ஏபிசி என்று போடாதீர்கள். ஒரு நிஜ டெலிவரி சலானை எடுங்கள், கம்பெனி பெயரை மட்டும் மாற்றுங்கள். அந்த உதாரணத்தையும் டெஸ்டில் ஓட்டுங்கள். முக்கால்வாசிப் பேர் விளக்கத்தைப் படிப்பதில்லை, உதாரணத்தை காப்பி பண்ணித்தான் ஆரம்பிக்கிறார்கள். அது பொய் சொன்னால் மற்றதெல்லாம் வீண்.

சோமனூர் தறி:

நான் எதிர்ப்பக்கம், இப்படிப்பட்ட ஏபிஐகளைப் படித்து எங்கள் சிஸ்டத்தில் ஏற்றுகிறவன். உங்களை மாதிரி ஆட்கள் இதைக் கேட்பதே எனக்குச் சந்தோஷங்க.

எங்களுக்கு வரும் ஆவணங்களில் 200, அதாவது எல்லாம் சரி என்ற பதில் எண் மட்டும் விளக்கமாக இருக்கும். தப்பு நடந்தால் என்ன வரும் என்று இருக்காது. லாட் எண் இல்லை என்றால் 404-ஆ (கிடைக்கவில்லை என்ற எண்)? அது வேறு கம்பெனி லாட் என்றால்? ஓரிடத்தில் எல்லாவற்றுக்கும் 200 கொடுத்து, உள்ளே 'எரர்' என்று ஒரு வரி மட்டும் வைத்திருந்தார்கள். எங்கள் புரோகிராம் அதை நல்ல பதில் என்று எடுத்து, மூன்று நாள் வெறும் லாட்டுகளாகப் பதிந்துகொண்டே இருந்தது. பிழைப் பதிலுக்கென்றே ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) 9457 என்று 2023-இல் வந்த ஒரு பொது வடிவம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பிழைக்கும் ஒரு உதாரணம் போடுங்கள்.

லாட் எண்ணை ஸ்ட்ரிங்காக வையுங்கள். எங்களுக்கு 0457 என்ற லாட் 457 ஆக வந்து, அது வேறொரு லாட்டோடு மோதியது. யாம்ல் உதாரணத்திலும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். யாம்லின் பழைய 1.1 விதிப்படி படிக்கும் நூலகம் குறியில்லாத 0457-ஐ எட்டடிமான எண்ணாக எடுத்து 303 என்று கொடுத்துவிடும். நான் அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

நொய்யல்கரை (திருப்பூர்):

எல்லோருக்கும் நன்றிங்க. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

யாம்ல் எழுதி முதல் முறை ஸ்கீமாதிசிஸ் ஓட்டியதிலேயே ஆறு எண்ட்பாயிண்டில் இரண்டு, ஆவணத்தில் இல்லாத பதிலைக் கொடுப்பது தெரிந்தது. லாட் எண் இடத்தில் வெறும் இடைவெளி அனுப்பினால் 500 (சர்வருக்குள் பிழை என்ற எண்) வந்தது. அதைச் சரி செய்துவிட்டேன்.

ஈரோடு அக்கா சொன்ன மாதிரி பட்டறையில் ஒரு நாள் தராசு பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு எடை என்றுதான் நினைத்துப் போனேன், அங்கே மூன்று இருக்கிறது. வாசலில் கிரே எடை. டிரையர் முடிந்ததும் ஒன்று. காம்பாக்டிங் முடிந்து பாலித்தீன் உறை போடும் முன் ஒன்று. நடு எடையை ஒரு அண்ணா அட்டையில் பென்சிலால் எழுதி ரோலில் செருகுகிறார். அது எங்கள் சிஸ்டத்துக்குள் வருவதே இல்லை. எடை இறக்கத்தைக் கேட்டதும் அவர் யோசிக்காமல், வெள்ளைக்கு வேறே, அடர் கலருக்கு வேறே என்றார். டெஸ்டில் கலருக்குத் தனி எல்லை வைத்திருக்கிறேன்.

விளக்கங்களைத் தமிழிலும் எழுதி, பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பினிஷ்டு எடை வரியில் பேனாவை வைத்து, "இது தப்பு அம்மணி. காம்பாக்டிங் வெளிய போற லாட்டுக்கு எங்ககிட்ட எடையே கெடையாது, அங்க போட்டுத்தான் அனுப்புவாங்க" என்றார். எடை போடாத லாட், வெளியே எடை போடும் லாட், இரண்டுக்கும் நாங்கள் ஒரே வெறுமையை அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது 'எடை போட்ட இடம்' என்று ஒரு ஃபீல்டு சேர்த்திருக்கிறேன்.

சோமனூர் அண்ணா, பிழைப் பதில் பக்கம் முடிந்துவிட்டது. படிக்கிறவர் கண்ணால் ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா? லிங்க்கைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.